எதிர்க்கடையில் போட்ட ஹெட்லைட்

இக்னேஷியஸுக்குப் பொறாமைதான் முழுநேரத் தொழில். முத்தாபுதுப்பேட்டை ரோட்டில் வண்டிகளுக்கு வயரிங் செய்கிற கடை வைத்திருந்ததெல்லாம் மிச்ச நேரத்தில். பக்கத்து வீட்டு முருங்கை கொஞ்சம் கூடுதலாகக் காய்த்தால்கூட அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. கோயிலில் வேறு யாராவது பைபிள் வாசிக்கப் போனால் பூசை முடிகிறவரை உர்ரென்று உட்கார்ந்திருப்பார். ஆனால் கைதேர்ந்த வேலைக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். அவர் இழுத்த வயர் மழைக்கும் அசையாது.

தொண்ணூற்றிரண்டில் கஜபதி எதிரில் கடை போட்டான், அன்றைக்குப் பிடித்தது சனி. கஜபதி இஞ்சின் மெக்கானிக். அந்த ரோட்டில் ஒரு பழக்கம் உண்டு. இஞ்சின்காரன் வயரைத் தொட மாட்டான், வயர்காரன் இஞ்சினைத் தொட மாட்டான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அடுத்தவன் கடையில் விட்டுவிடுவார்கள். கஜபதியும் அப்படித்தான் வண்டி வண்டியாக அனுப்பிக்கொண்டிருந்தான். அனுப்புகிறவனுக்கு நன்றி சொல்ல வேண்டாமா? இவருக்கோ அவன் கடை வாசலில் நிற்கிற கூட்டம்தான் கண்ணை உறுத்தியது.

இந்த நேரம் பார்த்து அந்தோணிராஜ் வந்தான். இக்னேஷியஸின் மனைவி ஞானகுமாரிக்கு ஒரே தம்பி, சென்னீர்குப்பத்தில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சேற்றிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்று ஒரு பழைய பைக்கை உரித்து, மட்கார்டைத் தூக்கி, பல்லுப்பல்லாக டயர் மாட்டி வைத்திருந்தான். முன்னாலும் லைட் கிடையாது, பின்னாலும் கிடையாது. இப்போது கம்பெனியில் ஷிப்ட் மாறிவிட்டது. பொழுது சாய்ந்தபின் ஏரிக்கரை மேல் ஏறித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

"மாமா, முன்னாடி மட்டும் ஒரு லைட்டு போட்டுக் குடு. பின்னாடி வோணாம், மண்ணுல அடிபட்டு ஒடஞ்சிடும்."

"சேத்துல பொரள்ற எருமைக்கு லைட்டு ஒரு கேடா? போய் ஒயுங்கா ஒரு வண்டிய வாங்கு."

சும்மா சொன்னதுதான். இன்னும் ரெண்டு தரம் கெஞ்சினால் போட்டுக் கொடுத்திருப்பார். அந்தோணி கெஞ்சவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக ரோட்டைத் தாண்டினான். கஜபதி ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் பார்த்தான். இக்னேஷியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் வயரைக் கையில் எடுத்துவிட்டான்.

இவருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. சொந்த மச்சான், அதுவும் இவர் வேலை, அதுவும் எதிர்க்கடையில்! ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கஜபதி கை போகிற போக்கையெல்லாம் பார்த்தார். பார்க்கப் பார்க்க எரிச்சல் அடங்கிச் சிரிப்பு வந்தது.

ராத்திரி சாப்பிடும்போதும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. ஞானகுமாரி என்னவென்று கேட்டாள்.

"பேட்டரி இல்லாத வண்டி. இஞ்சின்ல சுத்தற மேக்னட்டுலேர்ந்து நேரா லைட்டுக்கு வயர் இயுத்துகினு கீறான் அந்தப் புத்திசாலி. பின்னாடி இன்னொரு பல்பு இருந்தா கரண்ட்ட பங்கு போட்டுக்கும். இல்லன்னா அத்தினியும் இது ஒண்ணுமேலதான் வந்து அடிக்கும். நல்லா முறுக்கினான்னா பல்பு பட்டுனு பூடும். நாளைக்குப் பாரு, மானம் கப்பலேறப் போவுது."

"ஓட்டப் போறது அந்தோணியாச்சே," என்றாள் அவள்.

"பல்புதானே போவும்?" என்றார். பல்பு எங்கே வைத்துப் போகும் என்று அவருக்குத் தெரியாதா? கரைக்கு இரண்டு பக்கமும் சரிவு, ஒரு பக்கம் தண்ணீர். தெரியும். ஆனால் கஜபதி மூக்கறுபட்டு நிற்பதை ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் அவருக்கு யோசனை ஓடவில்லை. அவள் ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் சாயங்காலம் அந்தோணி வண்டியை எடுக்க வந்தபோது கஜபதி கடை வாசலில் டீ குடிக்கிறவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அந்தோணி வண்டியை உதைத்தான். லைட் மங்கலாக எரிந்தது. முறுக்கினான். வெளிச்சம் ஏறியது. இன்னும் முறுக்கினான். இக்னேஷியஸ் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். பல்பு போகவில்லை. வண்டி கிளம்பிப் போய், தூரத்தில் கரை மேல் ஏறி, குதித்துக் குதித்து ஓடியது. வெளிச்சம் அணையவே இல்லை.

பொறுக்க முடியாமல் ரோட்டைத் தாண்டினார். "இன்னாடா பண்ணே?"

"சீட்டுக்கு அடில ஒரு பல்பு வெச்சிருக்கேன் அண்ணாத்தே. ஒடையாம இருக்க டியூப் ரப்பர் சுத்தி, டப்பாக்குள்ள. காலைல நீங்க கட தொறக்கறதுக்கு மின்னாடியே அண்ணி வந்து சொல்லிட்டாங்க. நீங்கதான் சொல்லி அனுப்சீங்கன்னாங்க." கஜபதி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் உங்க வேலையில கை வெச்சதுக்குக் கோவப்படுவீங்கன்னு பயந்துகினு இருந்தேன். பெரிய மனசு உங்களுக்கு."

இக்னேஷியஸ் கையை உருவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஞானகுமாரி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நான் எப்ப சொல்லி அனுப்பினேன்?"

"ஊரு உன்னத் தப்பா பேசக் கூடாதுல்ல."

"எங்கிட்டயே ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே போய் சொல்லியிருக்க மாட்டனா?"

அவள் கத்தியை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"மாட்ட," என்றாள். "அதான் அவன்கிட்ட போனேன்."

எத்தனையோ பேரைப் பார்த்து எதற்கெதற்கோ வயிறெரிந்தவர் இக்னேஷியஸ். கட்டின பெண்டாட்டி தன் தம்பி உயிருக்கு நம்பிப் போனது அந்தக் கஜபதியை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அவனிடம் இருந்த எதையும்விட அவளுடைய அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதைக் கேட்டு வாங்க முடியாது. அவள் பக்கத்தில் குந்தினார். அவள் திரும்பவும் மீனை எடுத்துச் செதில் சுரண்ட ஆரம்பித்தாள்.