சம்பந்தியம்மாவை நான் கூப்பிட்ட விதம்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ரங்கூன் பபேடான் வட்டாரத்தில் ஒரு டீக்கடையில் கோப்பை கழுவ நின்றபோது எனக்குப் பதினோரு வயது. இருபத்தாறு வயதில் அதே தெருவில் சொந்தக் கடை போட்டேன். இரண்டு முறை மழைவெள்ளம் உள்ளே புகுந்தது, ஒரு முறை அடுப்படியே எரிந்து போனது. மூன்று முறையும் நானே நின்று தூக்கி நிறுத்தினேன். இன்று இரண்டு கடை, கியாக்தானில் ஒரு கல்வீடு, பதினான்கு வேலையாட்கள். கைகொடுத்துத் தூக்கிவிட ஒருத்தரும் இல்லை. பெருமை அடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். இவ்வளவும் கட்டிய நான், மூன்று வருடத்துக்கு முன் ஒரு டிசம்பர் மாதக் காலையில், சீனாவின் குன்மிங் நகரத்து நூடுல்ஸ் கடை ஒன்றில், பத்துப் பேர் பார்க்கத் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அங்கே போனது என் கடைசி மகளுக்காக. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேராகக் கடைக் கல்லாவில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். எந்த மேசைக்கு என்ன டீ என்று எனக்கு முன்னால் அவள் சொல்வாள். எனக்குப் பிறகு கடைக்கு முதலாளி அவள்தான் என்று முடிவே செய்திருந்தேன். அவளோ ஒரு பந்தே பையனை விரும்பினாள். பர்மாவில் உள்ள சீன முஸ்லிம்களைத்தான் பந்தே என்போம். பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஐந்து வேளையும் தொழுகிறவன். ஆனால் அவன் தாய் குன்மிங்கில் கடை நடத்திக்கொண்டிருந்தார். கல்யாணம் முடிந்ததும் இவளும் அங்கே போயாக வேண்டும்.

"இந்தக் கல்லாவை விட்டு எந்திரிச்சா நீ எனக்கு மகளில்ல" என்று சொன்னேன். அவள் எழுந்து போனாள்.

நிக்காஹ் சபையில் என் இடத்தில் என் தம்பி உட்கார்ந்தான். அதன் பிறகு நான்கு வருடம் நான் அவளோடு பேசவில்லை. அவள் உம்மாவோடு போனில் பேசும்போது அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பேன். "வாப்பா சாப்பிட்டாங்களா?" என்று அவள் கேட்பது மெல்லிசாக வரும். "சாப்பிட்டாங்க, சாப்பிட்டாங்க" என்று என் மனைவி தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்வாள். ஒருத்தரை நினைத்து ஏங்குவதை எங்கள் பேச்சில் தேட்டம் என்போம், தேடுவது என்போம். கடைசியில் ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள்: "இப்படித் தேட்டத்துல கெடந்து உருகுறதுக்கு ஒரு பிளேன் ஏறுனா என்னங்க?"

ஏறினேன். ஆனால் மகளிடம் சொல்லவில்லை. எனக்கு ஒரு திட்டம் இருந்தது. முதலில் வாடிக்கைக்காரன் மாதிரி போய் அந்தக் கடையைப் பார்ப்பது. நாற்பது வருடம் கடை நடத்தியவன் கண்ணுக்கு எந்தக் கடையிலும் பத்துக் குறையாவது தென்படும். அதைச் சொல்லியே அவளைக் கையோடு ரங்கூனுக்குக் கூட்டிவந்துவிடலாம் என்று நினைத்தேன்.

விலாசச் சீட்டை டாக்சிக்காரரிடம் காட்டிப் போய்ச் சேர்ந்தேன். பச்சைப் பலகையில் சீன எழுத்து. அதற்கு மேலே சின்னதாக அரபு எழுத்தில் ஹலால் என்று இருந்தது. எனக்கு ஒழுங்காகப் படிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அதுதான். தைரியமாக உள்ளே போய் உட்கார்ந்தேன். மேசைகள் சுத்தமாக இருந்தன. குறை தேடினால் கிடைக்கவில்லை. தலையில் வெள்ளைத் துணி கட்டிய, என் வயதுக்காரியான ஓர் அம்மா கிண்ணங்களை எடுத்துக்கொண்டு அங்குமிங்கும் போனார். என்னிடம் வந்து என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. அங்கே மேசையில் ஒட்டிய கியூஆர் கட்டத்தைப் போனால் படம் பிடித்துத்தான் சாப்பாடு சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஆகா, கிடைத்தது முதல் குறை என்று சந்தோஷப்பட்டேன்.

ரங்கூன் டீக்கடையில் ஆளைக் கூப்பிட நாங்கள் வாயைக் குவித்து முத்தச் சத்தம் கொடுப்போம். முதலாளி, கூலி, பெரியவர், சின்னவர் எல்லாரும் அப்படித்தான். யாரும் தப்பாக எடுப்பதில்லை. கல்லாவில் இருந்து நான் கொடுக்கும் சத்தம் இரண்டு குட்டை, ஒரு நெட்டை. தெருமுனை வரை கேட்கும். யோசிக்காமல் அதைக் கொடுத்துவிட்டேன்.

அந்த அம்மா நின்றார். திரும்பினார். கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு முறை, கொஞ்சம் பலமாகக் கொடுத்தேன்.

கையில் இருந்த கரண்டியோடு வந்தார் பாருங்கள்! ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது. பக்கத்து மேசையில் இருவர் எழுந்து நின்றுவிட்டார்கள். தலையில் தொப்பி, முகத்தில் நரைத்த தாடி, இந்தக் கோலத்தில் நான் "நோ, நோ" என்று கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அப்போது அடுக்களைத் திரை விலகியது. முழங்கை வரை மாவோடு என் மகள் நின்றாள்.

"வாப்பா..."

நான்கு வருடத்துக்குப் பிறகு, நடுவில் சுவர் இல்லாமல் அந்தச் சொல்லைக் கேட்டேன்.

"உள்ள மாவு பெசஞ்சுக்கிட்டிருந்தேன் வாப்பா. சத்தம் கேட்டதும் கை அப்படியே நின்னுபோச்சு. இந்த ஊர்ல யாரு இப்படிக் கூப்புடுவா?" என்றாள். சிரித்தாளா அழுதாளா, இரண்டும்தான்.

நான் யார் என்று அவள் சீனத்தில் சொன்னதும், அந்த அம்மா கரண்டியைக் கீழே இறக்கினார். தலைத்துணியைச் சரிசெய்து சலாம் சொன்னார். பிறகு ஏதோ கேட்டார். கடையே சிரித்தது.

"என்னம்மா கேக்குறாங்க?"

"வேணாம் வாப்பா."

"சும்மா சொல்லு."

"உங்க ஊர்ல சம்பந்தியம்மாவ இப்படித்தான் கூப்புடுவாங்களான்னு கேக்குறாங்க."

அன்று குனிந்த தலை ஒரு முழு நாள் நிமிரவில்லை.

எட்டு நாள் தங்கினேன், மருமகன் ஊரைச் சுற்றிக் காட்டினான். காலையில் பூங்காவில் என்னைவிட மூத்தவர்கள் பாட்டுப் போட்டு வரிசையாக ஆடுகிறார்கள். பூவைக் கீரை மாதிரி கட்டுக்கட்டாக வாங்கிப் போகிறார்கள். பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைத் தாத்தா முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கிறார். குளிருக்கு மெத்தை மாதிரி ஒன்றை முன்னால் கட்டிய கரண்டு ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கின்றன. எங்கள் தெரு இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு அந்த அமைதி என்னவோ செய்தது. ஒரு கோப்பை டீயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஊர்க்கதை பேச அந்தத் தெருவில் ஆளில்லை. சாப்பிட்டார்கள், போனார்கள்.

சும்மா உட்கார எனக்கு வராது. மூன்றாம் நாள் அடுக்களைக்குள் போனேன். அந்த ஊர்த் தேயிலை நல்ல தேயிலை. அதைக் கறுக்கக் காய்ச்சி, டப்பாப் பாலை ஊற்றினேன். சம்பந்தியம்மா பதறிப்போய் என் கையைப் பிடிக்க வந்தார். டீயில் பால் விடுவது அவருக்கு அநியாயமாகப் பட்டது. உயரத் தூக்கி ஆற்றி, நுரையோடு ஒரு கிளாஸ் கொடுத்தேன். குடித்தார். காலிக் கிளாஸை மறுபடி நீட்டினார். அன்று முதல் தினமும் எனக்குப் பக்கத்தில் நின்று, எத்தனை கரண்டி, எவ்வளவு நேரம் என்று விரலால் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனாள். குளிர்காலத்தில் எங்கிருந்தோ வரும் வெள்ளைப் பறவைகளுக்கு ஊர்ச்சனம் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தது. வந்த காரியத்தை அங்கேதான் எடுத்தேன்.

"கல்லாவுல இன்னும் யாரையும் உக்கார வைக்கல."

"தெரியும் வாப்பா. உம்மா சொன்னாங்க."

கையில் இருந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துப் பறவைகளுக்குப் போட்டாள். பிறகு சொன்னாள்: "நான் வந்தப்ப இங்க நாலு மேச. ஒரு வார்த்த பேசத் தெரியாது. இப்ப பதினோரு மேச வாப்பா. அடுத்த தெருவுல இன்னொரு கடைக்கு எடம் பாத்தாச்சு. யாரும் வந்து செஞ்சு குடுக்கல, நானே நின்னு செஞ்சேன்."

இந்தக் குரலை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்தேன். ஊரெல்லாம் கேட்டிருக்கிறது, அது என் குரல்தான். வா என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் கையில் இருந்த ரொட்டியில் பாதியை வாங்கி நானும் பறவைகளுக்குப் போட்டேன். மறுநாள் தனியாக ரங்கூன் திரும்பினேன்.

இப்போது தினமும் நானே போன் போடுகிறேன். அவள் முகம் தெரிகிறது, பேச்சு கேட்கிறது, ஆனாலும் தேட்டம் தீரவில்லை. போன மாதம் ஒரு போட்டோ அனுப்பினாள். கடை வாசலில் சிவப்புப் பலகை, முன்னால் பெரிய வரிசை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ரங்கூன் பால் டீ என்றாள். வருகிறவர்களிடம் சம்பந்தியம்மா தன் கைப்பக்குவம் என்று சொல்லிக்கொள்கிறாராம்! கடையை என் மகள் கட்டினாள், அதில் எனக்குப் பங்கில்லை, ஒத்துக்கொள்கிறேன். டீயை விட்டுத்தர மாட்டேன். பெயர்கூட வேண்டாம், பலகைக்குக் கீழே ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன், எழுதும்வரை தினமும் கேட்பேன். அந்த டீயைக் குடிக்கிறவன், இதைக் கற்றுக்கொடுத்த தகப்பன் ஒருவன் ரங்கூனில் மகளைத் தேடிக்கொண்டு இருக்கிறான் என்று தெரிந்து குடிக்கட்டும்.