நடுத்தலை ஆர்கிரோ

லிம்னோஸ் தீவின் துறைமுகத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஆர்கிரோவின் குரல், நடுக்கடலில் வலை இழுப்பவனுக்கும் கேட்கும். அந்தக் குரலுக்காகவே ஊர் நாடகக் குழு அவளைச் செர்பெரோஸின் நடுத்தலை ஆக்கியது. பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாய் அது. இடது தலை அவள் அண்ணன் ஸ்த்ராத்திஸ், வலது தலை தம்பி லாம்பிஸ். மூவருக்கும் சேர்த்துத் தைத்த ஒரே தோல்.

சிரிப்பு நாடகம்தான். பாதாளம் ஓர் அரசு அலுவலகம். செத்தவன் மனுவோடு வந்தால் இடது தலை வலதைக் கேட்கச் சொல்லும், வலது தலை இடதைக் கேட்கச் சொல்லும். "முத்திரை எங்கே?" என்று நடுத்தலை குரைக்கும். கடைசியில் கண்ணேறு படாமலிருக்க, மூன்று தலையும் ஆளுக்கொரு தடவை அவன் மேல் "த்தூ" என்று துப்பி உள்ளே விடும்.

தோல் தைத்து முடிந்த வாரம் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. லாம்பிஸுக்குத் தலைச்சன் பிள்ளை. அப்பாவின் அப்பா பெயரைத்தான் வைக்க வேண்டும், ஊர் வழக்கம். அவனோ சாகக் கிடந்த மாமனார் இயோர்தானிஸுக்கு, அவர் பெயரையே வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டான்.

"எங்கப்பா பேரு கசந்து போச்சாமா? ஞானஸ்நானத்துக்கு அந்தக் கோயில் படிய மிதிச்சா என்னன்னு கேளு!" என்றான் ஸ்த்ராத்திஸ்.

ஞானத்தாயாக நின்று பெயரை உரக்கச் சொல்ல வேண்டியவள் ஆர்கிரோ. அண்ணன் வராவிட்டால் அவளுக்கு நாக்கு எழாது.

ஞாயிறு ஞானஸ்நானம். சனிக்கிழமை மாலை நாடகம். செத்தவன் மனுவை நீட்டினான்.

"ஆர்கிரோ, அவங்கிட்ட கேக்கச் சொல்லு" என்றது இடது தலை.

"அக்கா, அவருகிட்டயே கேக்கச் சொல்லு" என்றது வலது.

"நான் என்ன தபால்காரியா?" என்று குரைத்தாள் ஆர்கிரோ.

சங்கதி தெரிந்த ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஸ்த்ராத்திஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே தோலுக்குள் இருப்பதை மறந்து விருட்டென்று கிளம்பினான். லாம்பிஸ் அசையவில்லை. நடுவில் ஆர்கிரோ தொபுக்கென்று விழுந்தாள்.

"ஐயோ, என் முட்டி!"

"டேய், அந்தப் பக்கம் புடிடா!"

"நீ மொதல்ல இழுக்கறத நிறுத்துண்ணே!"

"மெதுவாத் தூக்குடா, மாடு!"

"நாயிண்ணே! மாடு வேற நாடகம்!"

மேடையில் கிடந்தபடியே ஆர்கிரோ சிரித்தாள், அழுதாள். "முட்டி போனாப் போவட்டும். பேசுங்க, இன்னும் பேசுங்க!"

அன்று ஊர் சிரித்த சிரிப்பில் செத்தவன் உள்ளே போனானா என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் முட்டியில் கட்டோடு குழந்தையை ஏந்தி நின்றாள். பாதிரியார் பெயர் கேட்டார். அவள் வாசலைப் பார்த்தாள். புதுச் சட்டையோடு ஸ்த்ராத்திஸ் படியேறி வந்துகொண்டிருந்தான்.

"இயோர்தானிஸ்!" என்றாள். துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

கோயிலே ஸ்த்ராத்திஸின் முகத்தைப் பார்த்தது. அவன் நேரே வந்து குழந்தை மேல் குனிந்தான்.

"த்தூ" என்றான்.

"த்தூ" என்றாள் ஆர்கிரோ.

லாம்பிஸ் அண்ணனையே பார்த்தபடி நின்றான். அண்ணன் முழங்கையால் இடித்ததும்தான் மூன்றாவது "த்தூ" வந்தது.