டேம் மீனும் யாழ்ப்பாணப் பாதையும்

அதுக்காக அந்த மூலை வீட்டு மருமகளக் குத்தம் சொல்லாத தங்கச்சி. ஐஸ் மீன வாங்கிப் பச்ச மீனுன்னு மாமியாருக்குப் போட்டா அது ஒரு பாவமா? நா செஞ்சதக் கேட்டா என்ன சொல்லுவ? இந்தா, இந்தக் கதிரையில உக்காரு. தேத்தண்ணியக் குடிச்சிக்கிட்டே கேளு.

சண்ட நடந்த காலம். அப்ப நா கண்டி டவுன்ல ஒரு யாழ்ப்பாணத்து ஐயா வீட்டுல சமைச்சேன். மேட்டுல வீடு, ஜன்னல்ல நின்னா வாவி தெரியும். கலவரத்துல ஒடச்ச கண்ணாடிய மட்டும் அவரு மாத்தவேயில்ல, அட்டைய ஒட்டி வச்சிருந்தாரு. மறுபடியும் ஒடப்பாங்க, எதுக்கு வீண் வேலன்னு சிரிப்பாரு. அவரோட அம்மா, நா பெரியம்மான்னுதான் கூப்புடுவேன், கண் ஆப்பரேசன் செய்ய ஊர்லருந்து வந்தாங்க. கண்ணுக் கட்ட அவுக்குறதுக்குள்ள யாழ்ப்பாணத்துக்குப் போற பாதைய மூடிட்டாங்க. அப்புறம் எங்க போறது? இங்கயே தங்கிட்டாங்க.

அவங்க வீடு களப்பு ஓரமாம். கடல் தண்ணி உள்ள வந்து தேங்கி நிக்குமே, அது. அந்தக் களப்பு மீன் இல்லாம சோறு எறங்காது. நானும் பருப்பு, கீரை, முட்டைன்னு ஆக்கிப் பாத்தேன். என் பருப்புன்னா தெல்தோட்டையில எங்க லயத்துல வரிசையா இருக்குற அத்தன வீடும் மணக்கும். கல்யாண வீட்டுக்கெல்லாம் என்னயத்தான் கூப்புடுவாங்க, ஒருக்கா பொண்ணு வீட்டுக்காரங்களும் மாப்பிள வீட்டுக்காரங்களும் என் சட்டிக்குச் சண்ட போட்டாங்க... சரி, அத விடு. பெரியம்மா ரெண்டு வாய் தின்னுட்டுத் தட்டத் தள்ளிருவாங்க. கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நின்னுச்சு.

மீன்கார நானா, முஸ்லிம் அண்ணமாரை அப்பிடித்தான் கூப்புடுவோம், அலவத்துகொடயிலருந்து சைக்கிள்ல பொட்டி கட்டி வருவாரு. அன்னிக்கு டேம்ல புடிச்ச திலாப்பியா கொண்டாந்தாரு.

"களப்பு மீன் கெடைக்காதா நானா?"

"பாத பூட்டிக் கெடக்கு, நான் பறந்தா போற? இத எடுங்க. இது உப்புத் தண்ணியிலயும் வாழும், நல்ல தண்ணியிலயும் வாழும். களப்புலயும் இதே மீன் ஈக்கி."

எனக்கு அது போதும்னு ஆயிருச்சு. மீன உப்புத் தண்ணியில ஊறப்போட்டு, புளி கரச்சு ஊத்தி, அவங்க ஊர்த் தூளப் போட்டுக் கொழம்பு வச்சேன்.

"ஒங்க ஊரு மீன் பெரியம்மா, யாழ்ப்பாணத்துலருந்து வந்துச்சு"ன்னேன். வாய் தானா சொல்லிருச்சு.

தட்ட வழிச்சுத் தின்னாங்க. எனக்குத் தல கால் புரியல. மறுநா காலைல போய்ப் பாத்தா, நல்ல சீல கட்டி, திருநீறு பூசி, பைய மடியில வச்சுக்கிட்டு வாசலப் பாத்து உக்காந்துருக்காங்க.

"பாதை திறந்திட்டாங்கள், பிள்ளை. மீன் வந்திட்டுது. நான் போகேலாதோ?"

ஐயா ஓடி வந்து, "இல்லையம்மா, பாதை பூட்டித்தான் கிடக்கு"ன்னாரு.

"உனக்கு என்னை அனுப்ப மனமில்லை. இந்தப் பிள்ளைக்கு என்னட்டைப் பொய் சொல்லி என்ன வரப்போகுது?"ன்னு என் கையப் புடிச்சிக்கிட்டாங்க. ஐயா என் மொகத்தப் பாத்தாரு.

கீழ உக்காந்தேன். "அது டேம் மீன் பெரியம்மா. நாந்தான் பொய் சொன்னேன். ஆனா களப்புலயும் அதே மீன் இருக்காம். ரெண்டு தண்ணியிலயும் வாழுமாம்"ன்னேன்.

"மீன் வாழும், பிள்ளை"ன்னு சொல்லிட்டுக் கைய விட்டுட்டாங்க.

திட்டியிருந்தா நானும் ஒரு மூச்சு அழுதுட்டுப் போயிருப்பேன். பையப் பிரிச்சு சீலைய அலுமாரியில மடிச்சு வச்சேன், பாத்துக்கிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் மீன் கேட்டதே இல்ல. பருப்பு வச்சா பருப்பு, கீர வச்சா கீர, எதப் போட்டாலும் தட்டு காலி. அம்மா தேறிட்டாங்கன்னு ஐயாவுக்குச் சந்தோசம். எனக்கு அந்தத் தட்டக் கழுவத்தான் கை வராது. இன்னிக்காச்சும் நல்லால்லன்னு தள்ளிவிட மாட்டாங்களான்னு கதவு ஓரமா நின்னு பாப்பேன்...

அய்யய்யோ, அடுப்புல சோறு. கொழஞ்சே போச்சு போல. இரு, வடிச்சிட்டு வந்துர்றேன்.