உழுதவருக்குப் பெண் தராத ஊர்

பூவத்துக் கடைத்தெருவில் மண்ணெண்ணெய் வாங்க நின்றபோதுதான் சேதி வந்தது. பக்கத்து வயல்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அக்கா, முருகையன் வாய்க்கா கரையில விழுந்து கெடக்குறாரு. மூச்சு இல்ல." காவிரித் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனவர். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. அதைப் பார்த்தபடியே போய்விட்டார் என் கொழுந்தனார்.

நான் கல்யாணமாகி வந்தபோது அவருக்குப் பள்ளிக்கூடம் முடிகிற வயது. எழுபதுகளின் தொடக்கம் அது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தார். காரைக்காலில் ஏதாவது ஆபீஸ் வேலைக்கு மாமனார் அலைந்தார். "அண்ணனும் பாண்டிச்சேரி வேலைக்குப் போயிட்டாங்க. வயல யாரு பாக்குறது?" என்று கேட்டுவிட்டு இவர் ஏரைப் பூட்டினார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் பிழைக்கத் தெரியாதவர்.

பெண் பார்க்கத் தொடங்கினோம். உழுகிறார் என்று சொன்னாலே தரகர் எழுந்து போனார். அதனால் மாப்பிள்ளைக்கு மில்லில் வேலை என்று மாமியார் சொல்லிவிட்டார். பெண் வீட்டார் வருவதற்கு முன் பல நாள் அவரை வயலில் இறங்க விடவில்லை. கால் நகத்தில் ஏறிய சேற்றுக் கறையை எலுமிச்சைத் தோலால் தேய்க்கச் சொன்னார். அப்போது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் நடந்த கூத்துதான்.

வந்த இடத்தில் பெண்ணின் மாமா கேட்டார்: "தம்பிக்கு எந்த ஷிப்ட்டு?"

"விடியக்காலம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுங்க. ரெண்டும் வயல்லதான்."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். வந்தவர் நல்லவிதமாகத்தான் பேசினார். "கோவிச்சுக்காதீங்க. நாங்களும் சேத்துல கெடக்குறவங்கதான். பொண்ண மறுபடி அதுலயே தள்ள மனசு வல்ல." கை நனைக்காமல் எழுந்து போனார்கள். கொழுந்தனார் விளைத்த அரிசியில் வடித்த சோறு ஆறிப்போயிற்று. அதற்குப் பிறகும் சிலர் வந்தார்கள், போனார்கள். அவர் தனியாகவே இருந்துவிட்டார்.

வளைகுடா விசாவுக்குக் காத்திருந்த பையன்கள் டீக்கடையில் உட்கார்ந்து அவரைக் கிண்டல் செய்வார்கள். "என்ன சித்தப்பா, ஆபீசு இன்னைக்கு லீவா?"

"மாடு கையெழுத்துப் போடலடா" என்பார். கடையே சிரிக்கும்.

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் ஏசப் போனேன். தடுத்தார். "அவனுங்க மேல என்ன தப்பு அண்ணி? எனக்குக் கெடச்ச மரியாதையக் கண்ணால பாத்துருக்கானுங்க. பாத்துட்டும் எவன் ஏரு பிடிப்பான்?"

அவருக்கு வராத கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வயலை மதிப்பதில்லை என்று பேசுகிற பெரியவர்களே, உழுகிறவன் காலைப் பார்த்து மூக்கைச் சுளித்தது யார்? படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய் என்று பிள்ளையைப் பயமுறுத்தி வளர்த்தது யார்?

அவருக்குத் தீ வைத்துவிட்டு வந்த அன்று மாலையே வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பந்தலில் ஒருவர், "மண்ணத் தெய்வமா நெனச்ச மனுசன்" என்று உருகிக்கொண்டிருந்தார். தன் அக்கா மகளுக்கு இவர் வேண்டாம் என்று எழுந்து போனாரே, அதே மாமா.

"அந்த மனுசனுக்குத்தானே பொண்ணு இல்லன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"யாராச்சும் போயி மடையத் தொறந்து வுடுங்கப்பா. நாத்து காயுது" என்றேன்.

"காரியம் முடியாம எழவு வீட்டுக்காரங்க வயல்ல கால் வைக்கக் கூடாதும்மா" என்றார் ஒரு பெரியவர்.

"நீங்க எழவு வீடு இல்லையே? நீங்க போங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. இளவட்டங்கள் தேய்த்துப் போட்ட பேண்ட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். என் மகன் மெதுவாகச் சொன்னான்: "காரியம் முடியட்டும்மா. கூலிக்கு ஆளு வச்சுப் பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் நாத்து இருக்குமாடா?"



மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன். எழவு வீட்டுப் பொம்பளை வயலில் இறங்குகிறாள் என்று பார்த்தவர்கள் பேசினார்கள். பேசட்டும். மடையை வெட்டிவிட்டேன். வெடிப்புக்குள் தண்ணீர் சளசளவென்று இறங்கியது. பாத்தி நிறையும்வரை வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தம்பி, நாற்று பிழைத்துவிட்டது. நீங்கள் நிம்மதியாகப் போங்கள். அதைப் பறித்து நட யார் வயலில் இறங்குவார்கள் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.