நடையும் வாறுகாலும்

எங்கள் ஊரில் வாசற்படியை நடை என்போம். தெருச் சாக்கடைக்கு வாறுகால் என்று பெயர். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று போன கோடை முழுக்க நான் மாநகராட்சியோடு சண்டை போட்டேன்.

பேட்டையில் எங்கள் தெரு குறுகலானது. வெள்ளத்துக்குப் பயந்து வீடுகளை மேடாகக் கட்டியிருப்பதால், ஒவ்வொரு வீட்டு நடையும் வாறுகாலைத் தாண்டி தெருவில்தான் வந்து இறங்கும். அதை யாரும் ஆக்கிரமிப்பு என்று நினைத்ததில்லை. ஆக்கிரமிப்பு என்றால் அது எதிர்வீட்டுக்காரர் செய்வது.

என் கணவர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு, நடையில் இருந்த படிகளை உடைத்துவிட்டு சிமென்டில் ஒரு சரிவு கட்டினோம். அவருடைய பட்டறைக் கூட்டாளிகள் வந்து, பக்கத்தில் ஒரு இரும்புக் குழாயை வெல்டிங் வைத்துக் கைப்பிடி போட்டுக் கொடுத்தார்கள். தினமும் சாயங்காலம் அந்தக் குழாயை இடது கையால் பற்றிக்கொண்டு இறங்குவார். தெருமுனை டீக்கடை வரைக்கும் போய் வருவார். டீயை விட அங்கே பேசுகிற ஊர் வம்புதான் அவருக்கு மருந்து. அவருக்குப் பேச்சு குழறுமே தவிர, காது கூர்மை. நடமாட்டம் நின்றால் ஆள் படுத்துவிடுவார் என்று டாக்டர் எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

அந்தக் கோடைக்கு முந்தைய மார்கழியில் விடாமல் மழை பெய்து, ஒரு நாள் விடிகிற நேரத்தில் தெருத்தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. நான் ஆள் கூப்பிட ஓடினேன். எதிர்வீட்டு அரிசிக்கடை அண்ணாச்சியும் இன்னும் சிலரும் வந்து என் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி, அண்ணாச்சி வீட்டு மாடியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். தண்ணீர் வடிந்ததும் தெருவே ஒன்று கூடியது. வாறுகால் அடைத்துக் கிடக்கிறது, ஆக்கிரமிப்புகளை அகற்றித் தூர்வார வேண்டும் என்று ஒரு மனு எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். போட்ட ஒவ்வொருவரும் அடுத்த வீட்டு நடையை நினைத்துத்தான் போட்டோம்.

கோடை தொடங்கியதும் மாநகராட்சி ஆட்கள் பெயின்ட் டப்பாவோடு வந்தார்கள். எந்த வீட்டையும் விடாமல் எல்லா நடையிலும் சிவப்புக் கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் கேட்டதைத்தான் அவர்கள் செய்ய வந்திருந்தார்கள். தெரு அதை மன்னிக்கத் தயாராக இல்லை.

நான் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மனு எழுத எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘நடை போய்விட்டால் என் கணவர் முடங்கிப்போவார், ஆகவே அவருடைய நடைக்கு விலக்கு அளிக்க வேண்டும்’ என்று எழுதிக் கொண்டுபோனேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இன்ஜினீயர் சின்ன வயதுப் பெண். தர்மபுரிப் பக்கத்துக்காரி, மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“அவர் நடக்கறதை நாங்க ஏம்மா தடுக்கப்போறோம்? தாராளமா நடக்கட்டும்.”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. முடியாத மனுஷனைக் கிண்டல் செய்கிறாள் என்றே நினைத்தேன். அவளுடைய அம்மாவையும் சேர்த்து நான் ஏதோ சொல்ல வாயெடுத்த நேரத்தில், பக்கத்து மேசை கிளார்க் எழுந்து வந்தார். நம்ம ஊர்க்காரர். நடை என்றால் இங்கே வாசற்படி என்று அவளுக்கு விளக்கினார். அந்தப் பெண் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். கோபம் இருந்த இடத்தில் வெறுங்கையோடு நின்றேன்.

மறுநாள் அவளே வீட்டுக்கு வந்து பார்த்தாள். என் கணவர் குழாயைப் பிடித்து இறங்குவதைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தாள். டேப்பை வைத்து அளந்தாள். வாறுகாலுக்கு மேலே யாருடைய கட்டுமானமும் இருக்கக் கூடாது என்றாள். உங்களுக்கு விட்டால் அடுத்த வீட்டில் நான் என்ன சொல்வேன் என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்று சாயங்காலம் அரிசிக்கடை அண்ணாச்சி, தெரு ஆட்களோடு வீட்டுக்கு வந்தார். அவருடைய நடை சாதாரண நடை இல்லை. கிரானைட் போட்டு, இரண்டு பக்கமும் தூண் வைத்து, ஸ்கூட்டர் ஏற்றுகிற வசதியோடு கட்டியது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மதினி, ஜேசிபி வாற அன்னைக்கு அண்ணனை நாற்காலியோட தூக்கி நடையில உக்கார வச்சிருவோம். அவுகளைப் பாத்தா எவனும் கை வைக்க மாட்டான். ஒங்க நடை நின்னா எங்க நடையும் நிக்கும்.”

முடியாத ஒரு காலுக்குப் பின்னால் தெரு முழுக்க ஒளிந்துகொள்ளப் பார்த்தது. எனக்கு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் சரி என்றேன். என் கணவர் தினமும் டீக்கடைக்குப் போக வேண்டும், அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இதெல்லாம் பேசும்போது அவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேதான் இருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜேசிபி வந்த அன்று காலையிலேயே அவரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, சரிவின் நடுவில் நாற்காலியில் உட்கார வைத்தோம். சுற்றிலும் தெரு நின்றது. இன்ஜினீயர் பெண் வந்து பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். கூட்டத்தில் யாரோ அவளிடம், மனசாட்சி இல்லாவிட்டால் இவர் மேல் வண்டியை ஏற்று என்றார்கள். அவள் கண் கலங்குவது எனக்குத் தெரிந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அப்போது அவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

“ஏளா, இடிக்கச் சொல்லு.”

குழறிச் சொன்னது சரியாகக் கேட்கவில்லையோ என்று குனிந்தேன். மறுபடியும் அதையே சொன்னார். நடை போனால் எப்படி இறங்குவீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் எடுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“நீ ஆள் கூப்பிடப் போயிட்ட. நான் கட்டில்ல கெடந்தேன். தண்ணி முதுகு வரைக்கும் வந்துட்டு. புரளக்கூட முடியல.”

அந்த வெள்ளத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. படுத்தால் நல்ல காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, பாதத்தைத் தரையில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். கால் வீங்கும் என்று நான் ஏசிக்கொண்டே தூக்கி மேலே போடுவேன். மறுபடியும் இறங்கிவிடும். நோயோடு வந்த கோளாறு என்று நினைத்திருந்தேன். அன்று அவரே சொன்னார்.

“கால் தரையில இருந்தா, தண்ணி வாறது தெரியும்லா.”

எனக்குத் தாங்கவில்லை. அத்தனை பேர் நடுவில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு நாற்காலியை உள்ளே தூக்கச் சொன்னேன். அண்ணாச்சி தயங்கினார். நானே ஒரு பக்கம் பிடித்ததும் வேறு வழியில்லாமல் அவரும் மறுபக்கம் பிடித்தார்.

முதலில் உடைந்தது எங்கள் நடைதான். சிமென்ட் பலகையைப் பெயர்த்து எடுத்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். சரிவு கட்டும்போது கொத்தனார் மிச்சக் கலவையை வாறுகாலுக்குள்ளேயே தள்ளிவிட்டுப் போயிருந்தார். அது அங்கேயே பாறையாக இறுகி, மேலே சாக்கும் தேங்காய் மட்டையும் சேர்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் போக வழியில்லாமல் அடைத்திருந்தது. என் கணவருடைய கட்டில் வரைக்கும் தண்ணீரைக் கொண்டுவந்தது எங்கள் நடை. அண்ணாச்சியும் பார்த்தார். பிறகு கிரானைட் நடையும் போனது. அதற்கு அவர் பெரிதாகச் சத்தம் போடவில்லை.

இன்ஜினீயர் பெண் போகும்போது என்னிடம் வந்து, தூக்கி எடுக்கிற மாதிரி இரும்புத் தகடு ஒன்றைத் தேவைக்குப் போட்டு எடுத்துக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை என்றாள். அவளை ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடித்தாள். பட்டறைக் கூட்டாளிகள் இரண்டு பக்கமும் பிடி வைத்துத் தகடு அடித்துக் கொடுத்தார்கள். சாயங்காலம் ஆனால் ஒரு முனையை நானும் மறு முனையை அண்ணாச்சியும் தூக்கிப் போடுகிறோம். அரிசிக்கடைக்குக் கிளம்புகிற நேரத்தை அவர் எங்களுக்காகத் தள்ளி வைத்துக்கொண்டார். தகடு பாரம் என்று தினமும் முணுமுணுப்பார், ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

இந்த ஐப்பசியில் முதல் பெருமழை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிடித்தது. தகட்டை எடுத்து உள்ளே சாத்தி வைத்திருந்தோம். அவர் கட்டிலில் படுத்திருந்தார். நல்ல கால் தரையில் இருந்தது. நான் வாசலில் நின்று வாறுகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கலங்கலாக, நுரையோடு, சருகையெல்லாம் அடித்துக்கொண்டு தண்ணீர் வேகமாக ஓடியது.

“ஏளா, தண்ணி போவுதா?”

“போவுது.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். போவுது என்றேன். மூன்றாம் தடவை கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது, அந்தக் காலைப் பைய மேலே எடுத்து வைத்துக்கொண்டு தூங்கியிருந்தார்.