குனிந்து பார்த்த வயல்

தப்பு என் வாயிலிருந்துதான் கிளம்பியது. "போய்த் தொட்டியில கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றேன். நடவுக்கு வந்தவர்கள், உரம் தெளிக்க வந்தவர்கள், வழி கேட்டு வந்து வரப்பில் வழுக்கி விழுந்தவர்கள் என்று யார் கையில் சேறு இருந்தாலும் இருபது வருஷமாக நான் சொல்லி வருகிற பேச்சு அது. அன்றைக்கு அதைக் கேட்ட முப்பது பேரும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்.

திருவிடைமருதூரை ஒட்டிய கிராமம் எங்களுடையது. கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருப்பதால் வயல் என் பொறுப்பு. படித்தது பத்தாவது வரை. மிச்சத்தையெல்லாம் வருகிறவர் போகிறவரிடம் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அப்படித்தான் ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடமும் பேச்சுக் கொடுத்தேன். கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஹெச்.எம். என்றார்.

"எங்க பிள்ளைங்ககிட்ட அரிசி எங்கேருந்து வருதுன்னு கேட்டா, போன்ல ஆர்டர் போட்டா வரும்ங்கறாங்க" என்று சிரித்தார்.

"கூட்டிட்டு வாங்க மேடம், நான் காட்டுறேன்" என்றேன். அவர் இறங்கும் ஸ்டாப் வருவதற்குள் தேதியே முடிவாகிவிட்டது.

புரட்டாசியில் வந்தார்கள். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. ஷூவைக் கழற்றிவிட்டு ஆளுக்கு ஒரு பிடி நாற்று நட்டார்கள். சேறு காலைப் பிடித்து இழுக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். உடனே எல்லோருக்கும் இழுத்தது. அந்தச் சிரிப்பிலேயே ஒரு மணி நேரம் ஓடியது. அப்புறம்தான் நான் கை கழுவச் சொன்னேன்.

மோட்டார் கொட்டகைக்கு முன்னால் இருக்கிற சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் எனக்கு இடுப்பளவு. விளிம்பெல்லாம் பாசி. எங்கே ஊன்ற வேண்டும், எங்கே வழுக்கும் என்று எங்கள் கைக்கே தெரியும், நாங்கள் யோசிப்பதே இல்லை. ரெட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண், ஒரு கையில் தன் ஷூவைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தண்ணீருக்கு நீட்டியிருக்கிறாள். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் எக்கியிருக்கிறாள். நான் திரும்பிப் பார்த்தபோது விளிம்புக்கு மேலே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

நடவுக்கும் களைக்கும் ஆள் கூட்டி வருகிற அக்கா பக்கத்தில்தான் கால் கழுவிக்கொண்டிருந்தார். ஒரே எட்டில் பாய்ந்து இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பிள்ளை நாலைந்து தடவை இருமினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என் ஷூ ஒண்ணு உள்ள போயிடுச்சு" என்றாள். அழுதது நான்தான்.

ஹெச்.எம். என்னைத் திட்டவில்லை. பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு டாக்டரிடம் போனார். அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய், அப்பா அம்மாவிடம் நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார். பிறகு எனக்குப் போன் போட்டார்.

"நல்லா இருக்கா, பயப்படாதீங்க. ஆனா இனிமே பிள்ளைங்களக் கூட்டிட்டு வர முடியாதுங்க."

"சரிங்க மேடம்" என்றேன். நான் கூப்பிட்டு வந்த பிள்ளைகள். ஊர் டீக்கடையில் ஒருவர், "என்னம்மா, பள்ளிக்கூடத்தை அதுக்குள்ள மூடிட்டியா?" என்று கேட்டார். கிண்டல்தான். ஆனாலும் ரொம்ப நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

தீபாவளி கழிந்து ஒரு மாதம் இருக்கும். ஹெச்.எம். மறுபடி கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு தினம் என் ரூமுக்கு வந்து நிக்கிறா. அந்த ஆன்ட்டி ஷூவை எடுத்துட்டாங்களான்னு கேக்குறா. அவ கேக்குறதப் பாத்து, நட்ட நாத்து என்னாச்சுன்னு கிளாஸே கேக்குது. அவ அம்மாவும் ஒரு தடவை வந்து பேசினாங்க. எல்லாம் சரியா இருந்தா அனுப்புறோம், எது சரின்னு நீங்க பாத்துச் சொல்லுங்கன்னு என் தலையில வச்சுட்டாங்க."

பொங்கல் லீவு முடிந்த முதல் சனிக்கிழமை தான் மட்டும் வந்து பார்ப்பதாகச் சொன்னார். "மனசுக்கு ஒண்ணு உறுத்தினாலும் அதோட முடிச்சுக்குவோம். உங்க மனசு கஷ்டப்படுமேன்னு நான் பாக்க மாட்டேன்." அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார் முதலில். பத்து நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டார். "இங்க தினம் காலையில வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சைட்டை ஒரு சுத்து சுத்திப் பாப்போம். எதுல கால் தட்டும், எது தலையில விழும்னு. நம்ம வயலையும் சைட்டுன்னு நெனச்சுக்கிட்டு ஒரு சுத்து சுத்து."

சுற்றினேன். நோட்டும் பேனாவுமாக வரப்பு வரப்பாகப் போய்ப் பதினோரு விஷயம் எழுதினேன். தொட்டியைச் சுற்றி மூங்கில் நட்டு வலை கட்டினேன். தண்ணீரை வடித்துத் தூர் வாரியபோது அடிச்சேற்றில் ஷூ கிடைத்தது. கை கழுவ வீட்டு வாசல் பக்கம் குழாய் வைத்த பிளாஸ்டிக் ட்ரம் வைத்தேன். புதுசாகக் கன்று போட்ட மாட்டைப் பின்கட்டுக்கு மாற்றினேன். மருந்து டப்பாக்களை எல்லாம் உள்ளறையில் வைத்துப் பூட்டினேன். ஹெச்.எம். வருவதற்கு நாலு நாள் முன்னால் அக்காவிடம் நோட்டை விரித்துப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

அந்த அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் அம்மா காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை மட்டும்தான். இன்றைக்கு அக்காவே ஒரு ஏக்கர் குத்தகை வைத்திருக்கிறார். மகள் தஞ்சாவூரில் நர்ஸ். யாருக்காகவும் பேச்சைக் குறைக்கிற ஆள் இல்லை. கடைசி வரி வரை கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. இதையெல்லாம் நீ நின்னுக்கிட்டுப் பாத்துருக்க" என்றார்.

"பின்ன, படுத்துக்கிட்டா பாப்பாங்க?"

"அந்தப் பொண்ணு உன் இடுப்பு உசரம் இருப்பாளா? உன் கண்ணு இருக்கிற எடத்துல அவளுக்குக் கண்ணு இல்லையே. நான் குனிஞ்சே பொழப்ப ஓட்டுனவ. நவுரு, நான் பாக்குறேன்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, களையெடுக்கும்போது எப்படிக் குனிவாரோ அப்படிக் குனிந்தார். தலையைத் தூக்காமல், இடமும் வலமும் கண்ணை ஓட்டிக்கொண்டு, வாசலிலிருந்து அடிமேல் அடி வைத்து நகர்ந்தார். நான் நோட்டோடு பின்னால் போனேன். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ரோட்டில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்னக்கா, கம்மல் தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்டார். "உன் புத்தி தொலைஞ்சுபோச்சாம், தேடுறோம். வேலையப் பாத்துட்டுப் போ" என்றார் அக்கா, நிமிராமலே.

கொட்டகையின் கீற்றுத் தட்டியில் ஓர் அரிவாள் செருகியிருந்தது. எனக்கு அது இடுப்புக்கு மேலே, கைக்குத் தோதாக. அக்காவின் கண்ணுக்கு நேராக அதன் மூக்கு நின்றது. ஸ்டார்ட்டர் பெட்டியின் அடிப்பக்கம் ஒரு ஒயர் தோல் உரிந்து தொங்கியது. நான் மேலிருந்து மூடியை மட்டும்தான் பார்த்திருந்தேன். வரப்பு முனையில் யாரோ வழி அடையாளத்துக்காகக் குச்சியில் கவிழ்த்துக் குத்தி வைத்த பூச்சிமருந்து பாட்டில், பச்சை நிறம், பிள்ளைகள் எடுத்துப் பார்க்கத் தோன்றும் மாதிரி. நான் எழுதிக்கொண்டே போனேன். பதினேழு, பதினெட்டு.

வீட்டுக்குப் பின்னால் வாழைக் கொல்லையில் அக்கா நின்றார். நின்றவர் அப்படியே உட்கார்ந்தார்.

"ஏம்மா, இங்க வா. ஓடி வராத, மெதுவா வா."

சருகுக்குக் கீழே ஓர் உரச்சாக்கு. பாதி மக்கிப்போய் ஒரு குழிக்குள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. மாமனார் காலத்தில் போட்ட போர்வெல். தண்ணீர் இறங்கிப்போனதும் குழாயை உருவிவிட்டு, வாயில் சாக்கைத் திணித்து மேலே ஒரு கல்லை வைத்தோம். பிறகு வாழை வளர்ந்தது, சருகு விழுந்தது, நாங்கள் மறந்துபோனோம். கல் எப்போதோ நகர்ந்துவிட்டது. பெரியவர்கள் காலில் மிதித்தால் கணுக்கால் பிசகும். பெரியவர் உள்ளே போக முடியாது. ஒரு பிள்ளை போகலாம்.

புரட்டாசியில் ஹெச்.எம். டாக்டரிடம் போயிருந்தபோது மிச்சப் பிள்ளைகளை நான் அந்த வாழை நிழலில்தான் சாப்பிட உட்கார வைத்திருந்தேன்.

உடனே கொத்தனாருக்குப் போன் போட்டேன். இருட்டுவதற்குள் மணலும் களிமண்ணும் வாய்வரை நிரப்பி, மேலே கம்பி கட்டி சிமெண்ட் போட்டாயிற்று.

"மேடம்கிட்ட இதச் சொல்லப் போறியா?" என்று அக்கா கேட்டார். "மூடியாச்சுல்ல. சொன்னா பயந்துட்டு வராம போயிடுவாங்க."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. சொல்லாவிட்டால் அவர் சரி என்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பிள்ளையின் அப்பா அம்மா முன்னால் நடந்ததை நடந்தபடி சொன்னவர் அவர். அவரிடம் நான் இதை மறைத்துவிட்டு, அப்புறம் எந்த முகத்தோடு முப்பது பிள்ளைகளை வாங்கி வைத்துக்கொள்வது?

சனிக்கிழமை முதலில் வாழைக் கொல்லைக்குத்தான் கூட்டிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த சிமெண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற எங்கயும் இல்லையே?"

"இல்லைங்க மேடம். ஆனா போன வாரம் கேட்டிருந்தீங்கன்னா இதையும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். அதனால நீங்களே பாத்துடுங்க. குனிஞ்சு பாக்கணும்."

ஹெச்.எம். என்னை ஒரு பார்வை பார்த்தார். கைப்பையை என் கையில் கொடுத்தார். புடவையைச் செருகினார். அக்கா முன்னால், ஹெச்.எம். பின்னால், இரண்டு பேரும் குனிந்தபடி வயலைச் சுற்றி வந்தார்கள். பாதி தூரத்தில் ஹெச்.எம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எப்படிங்க நாள் பூரா?" என்று கேட்டார். "பழகிட்டா நிமிரத்தான் வலிக்கும்" என்றார் அக்கா.

சுற்றி முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு ஹெச்.எம். சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் மெதுவாப் போய்ப் பாத்துருக்கீங்க. எங்க பிள்ளைங்க நடக்க மாட்டாங்க, ஓடுவாங்க. அதுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

அக்காதான் பதில் சொன்னார். "களையில ஆளுக்கு ஒரு வரிசை குடுப்போம். அவ வரிசைல ஒரு கோரை நின்னா அவதான் பதில் சொல்லணும். நாங்க ஆறு பேர் வர்றோம். ஆளுக்கு அஞ்சு பிள்ளைய விடுங்க. என் அஞ்சுல ஒண்ணு நகந்தாலும் என்னைக் கேளுங்க."

ஹெச்.எம். கைப்பையிலிருந்து டைரியை எடுத்தார். உறுத்தியதா என்று நான் கேட்கவில்லை. தேதி எழுதுகிறாரா என்று மட்டும் பார்த்தேன். எழுதினார்.

தை கடைசியில் வந்தார்கள். கதிர் பழுத்துத் தலை சாய்ந்திருந்தது. அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளைகளுக்கென்று மருந்து கலக்காத உளுந்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். ஆறு பெண்கள், ஆளுக்கு அஞ்சு பிள்ளைகள். ஐந்து ஐந்தாக வரப்பில் நின்று, எல்லோரும் கையை வீசினார்கள். பாதி உளுந்து முன்னால் நின்றவள் தலையில் விழுந்தது. "இந்தப் பொண்ணு தலைல முளைச்சா அறுப்புக்கு நாங்கதான் வருவோம்" என்றார் அக்கா. அந்தப் பிள்ளை அன்று முழுக்கத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ரெட்டைச் சடைக்காரி அக்காவின் வரிசையில் இருந்தாள். வந்ததும் தொட்டியைத்தான் பார்க்கக் கேட்டாள். அக்கா கையைப் பிடித்துக் கூட்டிப் போய் வலைக்கு வெளியே நிறுத்தினார். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். நான் கழுவிக் காய வைத்திருந்த ஷூவைக் கொடுத்தேன். காலோடு வைத்து அளந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குப் புதுசு வாங்கிட்டாங்க. இது இங்கயே இருக்கட்டும் ஆன்ட்டி. அடுத்த தடவை வந்து பாத்துக்குறேன்."

கையெல்லாம் மண். சாப்பாட்டு நேரம். இருபது வருஷத்துப் பழக்கம் இவ்வளவு நடந்தும் என் நாக்கை விட்டுப் போகவில்லை. "போய்த் தொட்டியில..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"தொட்டி இல்ல ஆன்ட்டி, ட்ரம்" என்றாள் அவள். சொல்லிவிட்டுத் தன் வரிசையில் இருந்த மற்ற நாலு பேரையும் திரும்பி எண்ணிப் பார்த்தாள். எண்ணிய பிறகுதான் ட்ரம் பக்கம் நடந்தாள்.

வேனில் ஏறும்போது ஹெச்.எம். மறுபடி டைரியைத் திறந்தார். "புரட்டாசியில நடவு என்னைக்குன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க" என்றார். ஷூ இப்போது மோட்டார் கொட்டகையில், உயரமாக ஓர் ஆணியில் தொங்குகிறது. முன்பு அரிவாள் இருந்த இடத்தை நான் காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.