மூன்று தடவை கீழே

போன வாரம் புது மடிக்கணினி வாங்கினேன். மூடியைத் திறந்தால் போதும், என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குத் தயாராகிவிடுகிறது. வாசனைகூட இல்லை பாருங்கள். எங்கள் பாலிகஞ்ச் வீட்டுக் கணினியைப் போட்டால் சூடேறிய தூசி வாசனை வரும். கூடவே கீழ்வீட்டில் கடுகெண்ணெயில் மீன் பொரிகிற வாசனையும் மாடியேறி வரும். அம்மா சாம்பிராணி போட்டு இரண்டையும் எதிர்ப்பாள்.

மீன் பொரித்தவர் காக்கிமா. வங்காளிகளுக்குச் சித்தி முறை, எங்களுக்குக் கீழ்வீட்டு அம்மாள். அவருடைய ஒரே மகன் பாப்பாய்க்குக் கப்பலில் வேலை. மாதக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு ஏதாவது துறைமுகத்தில் இறங்கினால், அங்கே ஒரு இணைய மையத்தில் உட்கார்ந்து எங்கள் வீட்டுக் கணினி வழியாகத் தன் அம்மாவோடு பேசுவான். வெளிநாட்டுத் தொலைபேசி அன்றைக்கு யானை விலை. நாளும் மணியும் எனக்கு மின்னஞ்சலில் வரும், நான் கீழே போய்ச் சொல்வேன்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். எனக்கு அப்போதுதான் கணினி வேலை கிடைத்திருந்தது. தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா? வீட்டுக் கணினியில் இரண்டு இயங்குதளங்கள்: எனக்கென்று லினக்ஸ், அம்மாவுக்கும் காக்கிமாவுக்கும் விண்டோஸ். பாப்பாயோடு பேசும் மென்பொருள் அதில்தான் இருந்தது. போட்டதும் கறுப்புத் திரையில் நான்கு வரிகள் வரும், எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காக்கிமாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. மானிட்டரின் மூலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஏக், துய், தின்" என்று எண்ணியபடி கீழ் அம்புக்குறியை மூன்று தடவை அழுத்துவார், பிறகு எண்டர். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பட்டியலைச் சுத்தம் பண்ண உட்கார்ந்தேன். அஞ்சறைப்பெட்டியைக்கூட அடுக்கி வைத்து அம்மாவிடம் திட்டு வாங்குகிற ஆசாமி நான். லினக்ஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழையது ஒரு வரியாகத் தங்கிவிடும். அப்படி இரண்டு இருந்தன, அடியோடு அழித்தேன். கடைசி வரியில் 'DOS' என்று இருந்தது. விண்டோஸுக்கும் முந்தின டாஸ் இந்தக் காலத்தில் யாருக்கு வேண்டும் என்று அதையும் தூக்கினேன். ஒரே வரி மிச்சம். திருப்தியாக லேக் மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினேன்.

அந்த டாஸ்தான் விண்டோஸ். லினக்ஸ் தன்னை நிறுவிக்கொண்டபோது பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தானே வைத்த பெயர் அது. நான் விண்டோஸ் பக்கம் போயே மாதக்கணக்காகியிருந்தது, மறந்து தொலைத்தேன்.

திரும்பி வந்தபோது மணி பதினொன்று. பாப்பாய் சொன்ன மணியும் அதுதான். அரை மணிதான் அவனுக்கு அவகாசம், பிறகு கப்பல் கிளம்பிவிடும், அடுத்த துறைமுகம் நாற்பது நாள் தள்ளி. காக்கிமா நல்ல புடவை கட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் என் லினக்ஸ். எதையோ உடைத்துவிட்டவர் மாதிரி இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார்.

"ஆமி தோ தின் பாரி டிபேச்சி, பாபா," என்றார். மூன்று தடவைதான் அழுத்தினேனப்பா என்று.

கீபோர்டில் தூசி என்று சொல்லித் தப்பிக்கலாம் என வாய் வரைக்கும் வந்துவிட்டது. அம்மா விடவில்லை. "அவர் ஒண்ணும் பண்ணலைடா. நீதான் காலம்பற என்னமோ பெருக்கித் தொடைச்சிண்டிருந்தே."

வெட்கமாகத்தான் இருந்தது. "ஆமார் தோஷ், காக்கிமா," என் தப்புதான் என்றேன்.

ஆனால் பயம் இல்லை. உள்ளே விண்டோஸ் பத்திரமாக இருந்தது, பட்டியலில் அதன் பெயர்தான் போயிருந்தது. கணினியை அணைத்துப் போட்டு, அந்தக் கறுப்புத் திரையிலேயே கட்டளை எழுதி அதை எழுப்பலாம், எனக்கு அது தெரியும். முதல் தடவை ஒரு எழுத்துப் பிசகு. இரண்டாம் தடவை எழுந்தது. மோடம் கீச்சிட்டுக் கத்தி இணைந்தபோது பதினொன்று இருபது. ஒலிபெருக்கியில் "மா" என்று கரகரத்தது. காக்கிமா முதலில் கேட்டது, "கேயேச்சிஷ்?" சாப்பிட்டாயா என்று. எட்டு நிமிடம் பேசினார்கள். கணினிக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை, மேல்வீட்டுப் பிள்ளைதான் வைத்தியம் பார்த்தான் என்று மகனிடம் சொன்னாரே தவிர, என் திருவிளையாடலைப் பற்றி மூச்சுவிடவில்லை.

சாயங்காலம் அந்த வரியைத் திரும்ப எழுதினேன். அது இப்போது இரண்டாவது வரி. ஒரு தடவை அழுத்தினால் போதும் என்று காக்கிமாவிடம் சொல்லியிருக்கலாம். மடியில் வைத்திருந்த அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன, சொல்ல மனசு வரவில்லை. நடுவில் இரண்டு வெற்று வரிகளைச் சேர்த்தேன். தேர்ந்தெடுத்தால் எங்கும் போகாத வரிகள். அலுவலக நண்பன் பார்த்துவிட்டு, "என்னப்பா இது குப்பை?" என்று சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

பாப்பாய் கப்பலை விட்டுக் கரையில் வேலை தேடிக்கொண்டு அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போனான். டாக்சி வந்து நின்ற பிறகும் காக்கிமா மாடியேறி வந்து, அணைந்திருந்த மானிட்டரின் மூலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போனார்.

அந்த வீடு இப்போது இல்லை, அங்கே ஆறு மாடி நிற்கிறது. மோடம் கத்துவதும் இல்லை. காலி செய்வதற்கு முன், பழைய சாமான்காரர் வாசலில் காத்திருக்க, கணினியைக் கடைசியாக ஒருமுறை போட்டேன். நான்கு வரிகளும் அப்படியே வந்தன. நானும் மூன்று தடவை கீழே போய் எண்டரைத் தட்டினேன். கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. சூடேறிய தூசி வாசனை மட்டும் வந்தது.